அப்பாவின் துட்டிச் செய்தி

அப்பா இறந்த செய்தி அண்ணனுக்குப் போய்ச் சேராததற்கு நான் எழுதிய ஒரு புரோகிராம்தான் காரணம். ஊரில் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். கேட்டவர்களும் உச்சுக் கொட்டிவிட்டு, கம்ப்யூட்டரை நம்பினால் இப்படித்தான் என்று சொல்லிப் போனார்கள். அது பாதி உண்மை. மீதியைச் சொல்லாமல் இருப்பது நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது.

நான் தென்காசிக்குப் பக்கத்தில் குத்துக்கல்வலசையில் வீட்டு மாடியில் உட்கார்ந்து வெப்சைட் செய்கிறவன். குற்றாலத்துக் காட்டேஜ்களுக்கு அறை பதிவு செய்யும் பக்கம், கல்யாண மண்டபத்துக்குத் தேதி பார்க்கும் பக்கம், இப்படி. தொழிலில் கெட்டிக்காரன் என்று பெயர். வாய்தான் நீளம். ஒருவர் தப்பு செய்துவிட்டால் அவர் வயசு என்ன, எதிரே யார் நிற்கிறார்கள் என்றெல்லாம் பார்க்க மாட்டேன். பேசி முடித்த பிறகுதான் பேசியது என்னவென்றே எனக்குத் தெரியும்.

எங்கள் தெருக்காரர்களில் பாதிக்கு மேல் இப்போது சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். அவர்களையும் இங்கே இருக்கிறவர்களையும் சேர்த்து ஒரு சங்கம் உண்டு. சங்கம் செய்கிற ஒரே உருப்படியான வேலை துட்டிச் செய்தி அனுப்புவது. சாவை எங்கள் பக்கம் துட்டி என்போம். துட்டி சொல்வதில் எங்கள் ஆட்கள் மிகவும் கண்டிப்பு. முறையாகச் சொன்னால் வருஷக்கணக்காகப் பேசாதவனும் மாலையோடு வந்து நிற்பான். சொல்லாமல் விட்டால் உன்னை அறுத்து விட்டோம் என்று அர்த்தம். முன்பு வீட்டுக்கு வீடு ஆள் போய்ச் சொன்னார்கள், பிறகு போனில் சொன்னார்கள். சங்கத்திலிருந்து எல்லாருடைய செல்போனுக்கும் குறுஞ்செய்தி போக ஆரம்பித்த பிறகு அதையும் விட்டுவிட்டார்கள். "சங்கத்துல போட்டாச்சா?" என்று ஒரு கேள்வி. போட்டாச்சு என்றால் சொல்லியாச்சு. அதற்குமேல் யாரும் யாருக்கும் போன் செய்வதில்லை.

அந்தச் செய்தி அனுப்பும் ஏற்பாட்டைச் செய்து கொடுத்தது நான். சங்கச் செயலாளர் அண்ணாச்சி ஒரு பக்கத்தைத் திறந்து செய்தியை அடித்து ஒரு பொத்தானை அமுக்குவார். செய்தி வரிசையில் போய் உட்காரும். சர்வரில் 'வேலை' என்று நாங்கள் சொல்லும் ஒரு புரோகிராம் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தானாக எழுந்து வரிசையைப் பார்க்கும். இருப்பதை எடுத்து ஒவ்வொருவருக்காக அனுப்பும். இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். ஒரு செய்திக்கு ஒரு விநாடி வைத்தாலும் முழுதும் போய் முடிய நாற்பது நிமிஷம் ஆகும்.

இதில் ஒரு ஓட்டை இருந்தது. முதல் வேலை இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஐந்து நிமிஷத்தில் அடுத்தது எழுந்துவிடும். வரிசையில் செய்தி இருப்பதைப் பார்த்து அதுவும் முதலிலிருந்து அனுப்பத் தொடங்கும். பிறகு மூன்றாவது, நான்காவது. ஒன்று ஓடும்போது இன்னொன்று ஓடக்கூடாது என்று நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. சோதனைக்குப் பத்து பேர் பட்டியலை வைத்துப் பார்த்தேன். பத்து விநாடியில் முடிந்துவிட்டதால் எனக்கு அது தெரியவே இல்லை.

முதல் துட்டி ஒரு வயசான ஆச்சியுடையது. செய்தி ஆளுக்கு எட்டுத் தடவை போயிற்று. சென்னையிலிருந்து ஒருவர் சங்கத்துக்குப் போன் செய்து, "ஆச்சி எத்தன மட்டம் செத்தா வே?" என்று கேட்டாராம். சிரிப்பதற்கு அவர் ஒருவர்தான். மற்றவர்கள் மிரண்டுவிட்டார்கள். ஒரு துட்டியை ஒரே வீட்டுக்கு இரண்டாம் தடவை சொன்னால் அந்த வீட்டில் அடுத்தது விழும் என்று எங்கள் பக்கம் ஒரு பயம் உண்டு. எட்டுத் தடவை என்றால் கேட்கவா வேண்டும்.

நான் நேராகச் சங்கத்துக்குப் போனேன். வெப் பக்கம் முடிவு காட்டாமல் சுற்றிக்கொண்டே நிற்பதைப் பார்த்து, அண்ணாச்சி பொத்தானை எட்டுத் தடவை அமுக்கியிருக்கிறார் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். உறுப்பினர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒரு மட்டம் அமுக்கினா போதாதா அண்ணாச்சி? ரயில்வே கேட்டுல ஹாரன் அடிக்கிற மாதிரி அமுக்கிக்கிட்டே இருப்பியளா? அனுப்பப்படுகிறதுன்னு அது சொன்னா, கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கணும். தெரியலன்னா தொடாதீங்க."

"நான் ஒரு மட்டந்தான் தம்பி அமுக்கினேன்" என்றார் அவர். அறுபது வயதைத் தாண்டியவர். ஒரு கல்யாண வீட்டில்கூட யாரும் அவரைக் கைநீட்டிப் பேசி நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து சர்வரின் பதிவுகளைப் பார்த்தபோது அவர் சொன்னது சரி என்று தெரிந்தது. எட்டுத் தடவை எழுந்தது என் வேலைதான். போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஓசைப்படாமல் திருத்திவிட்டேன்.

திருத்தம் இதுதான்: வேலை எழுந்ததும் சர்வரில் ஒரு குறிப்பிட்ட பெயரில் வெறும் ஃபைல் ஒன்று இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால், வேறொன்று ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், பேசாமல் படுத்துவிடும். இல்லாவிட்டால் அந்த ஃபைலை உண்டாக்கிவிட்டு அனுப்பத் தொடங்கும்; முடித்ததும் அழித்துவிடும். பூட்டு மாதிரி. அண்ணாச்சியின் பக்கத்தில் வரும் "அனுப்பப்படுகிறது" என்ற வரியும் அந்த ஃபைல் இருக்கும்வரை நிற்கும்படி செய்தேன்.

தொழில் தெரிந்த யாரும் உடனே கேட்பார்கள்: வேலை பாதியில் செத்துப்போனால் பூட்டை யார் திறப்பது? நானும் கேட்டுக்கொண்டேன். பூட்டைச் சர்வரின் பொறுப்பிலேயே விட்டுவிடலாம்; வேலை செத்தால் பூட்டும் தானாக விழுந்துவிடும். அல்லது ஃபைலுக்குள் நேரத்தை எழுதி வைத்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் பழையதாக இருந்தால் நம்பாதே என்று சொல்லலாம். இருபது நிமிஷ வேலை. இப்போது இரண்டுமே இருக்கிறது. அன்றைக்கு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டேன். துட்டிச் செய்தி ஒழுங்காக ஆளுக்கு ஒரு தடவை போக ஆரம்பித்தது. அண்ணாச்சி அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தைத் தீயைத் தொடுகிற மாதிரிதான் தொட்டார்.

இனி அண்ணன்.

எனக்கும் அவனுக்கும் நாலு வயசு வித்தியாசம். கோயம்புத்தூரில் வேலை, அங்கேயே குடும்பம். வருஷா வருஷம் சாரல் விழுந்ததும் மனைவி பிள்ளைகளோடு வந்து குற்றாலத்தில் காட்டேஜ் எடுத்துத் தங்குவான். அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் மூன்று பேர்: அப்பா, அப்பாவின் தங்கையான அத்தை, நான். எங்கள் சின்ன வீட்டில் நாலு பேர் வந்து படுத்தால் அத்தைக்குச் சிரமம் என்றுதான் அவன் காட்டேஜ் எடுத்தான். அது எனக்குத் தெரியும். அப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட வருஷமும் வந்தான். ஐந்தருவிப் பக்கத்துக் காட்டேஜ் வராந்தாவில் உட்கார்ந்து, "அப்பாவக் கோயம்புத்தூருக்குக் கூட்டிட்டுப் போறம்லே. அங்கன நல்ல பிசியோதெரபி இருக்கு. ஆறு மாசம் இருக்கட்டும்" என்றான்.

தினமும் அப்பாவைத் தூக்கி உட்கார வைத்து, துடைத்து, ஊட்டிவிட்டவன் நான். அவன் கேட்டது என் வேலையில் குறை சொன்னதாக எனக்குப் பட்டது.

"உனக்கு அருவியில தண்ணி விழுந்தாத்தான அப்பா ஞாபகமே வருது. தண்ணி நின்னுட்டா அப்பாவையும் மறந்துருத. குளிக்க வந்த எடத்துல அப்பா என்னத்துக்கு உனக்கு?"

அண்ணி நின்றாள். பிள்ளைகள் நின்றார்கள். அண்ணன் தோளில் கிடந்த ஈரத் துண்டை எடுத்துக் கொடியில் போட்டான். அன்று சாயங்காலமே கிளம்பிப் போய்விட்டான். குடும்பத்து வாட்ஸ்அப் குரூப்பிலிருந்தும் விலகினான்.

என்னோடு அதற்குப் பிறகு பேச்சு இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அப்பாவின் போன் அடிக்கும். அத்தை அதைக் காதில் வைப்பாள். அப்பாவால் "ம்" மட்டும்தான் சொல்ல முடியும். அரைமணி நேரம் "ம்" சொல்லிக்கொண்டிருப்பார். நான் மாடிக்குப் போய்விடுவேன். வருஷத்தில் இரண்டு தடவை, நான் வெளியூர் போகிற நாளை அத்தையிடம் கேட்டுக்கொண்டு, வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவான். அவன் போன பிறகு அப்பாவின் முகத்தில் குளிப்பாட்டிய குழந்தையின் முகத்தைப் போல ஒரு சுத்தம் இருக்கும். சவரம் செய்துவிட்டுப் போயிருப்பான். ஐந்து வருஷம் இப்படியே ஓடிற்று. ஒரு போன் செய்தால் தீர்ந்துவிடும் என்று இரண்டு பேருக்குமே தெரியும். யார் முதலில் என்பதுதான் தகராறு.

அப்பா ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போனார். அத்தை காப்பியோடு போய் எழுப்பினாள், எழுந்திருக்கவில்லை. தெருமுனை டாக்டர் வந்து பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். ஏழு மணிக்கெல்லாம் செயலாளர் அண்ணாச்சி வந்துவிட்டார்.

"எத்தன மணிக்கு எடுக்காவன்னு போடட்டும் தம்பி?"

"நாலு மணி" என்றேன்.

கோயம்புத்தூரிலிருந்து காரில் வர ஏழு மணி நேரம் ஆகும். எட்டு மணிக்குச் செய்தி பார்த்தால் மூன்று மணிக்கு வந்துவிடலாம். அவனுக்காகத்தான் நாலு மணி வைத்தேன். எங்கள் முறையில் அம்மாவுக்குக் கொள்ளி வைக்கிறது இளைய மகன், அப்பாவுக்கு மூத்த மகன். அம்மாவுக்கு நான் வைத்தபோது அண்ணன் பின்னால் நின்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். அப்பாவுக்கு அவன்தான் வைக்க வேண்டும், அப்போது நான் பின்னால் நிற்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. இதை நான் வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை.

அத்தை அழுதுகொண்டே என் பக்கத்தில் வந்தாள். "ஏய்யா, அண்ணனுக்கு நீ ஒரு வார்த்த போன்ல சொல்லிரு. கூடப்பொறந்தவம்லா."

"சங்கத்துல போட்டாச்சு அத்தே."

"சங்கம் ஊருக்குச் சொல்லுதது. நீ சொல்லுதது வேறல்லா. இல்லன்னா நான் போட்டுச் சொல்லட்டா?"

"ஒண்ணும் வேண்டாம். எல்லாருக்கும் எப்படிப் போகுதோ அப்படியே அவனுக்கும் போகட்டும். வாறவன் வருவான்."

அத்தை என் வாய்க்குப் பயந்தவள். பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

ஒன்பது மணிக்கு அண்ணாச்சி சங்கத்திலிருந்து திரும்பி வந்தார். "போட்டுட்டேன் தம்பி. அனுப்பப்படுகிறதுன்னு காட்டுது" என்றார். நான் தலையாட்டினேன்.

பத்துப் பதினொரு மணிக்குள் உள்ளூர்க்காரர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். கொட்டுச் சத்தம் கேட்டும், வாய்வழியாகக் கேட்டும் வந்தவர்கள். இரண்டு மணியிலிருந்து நான் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கார் திரும்பும் ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்றேன். மூன்று மணி. மூன்றரை. நாலு மணிக்குப் பெரியவர்கள் அப்படியும் இப்படியும் பார்த்தார்கள். நாலரைக்கு ஒருவர் என் பக்கம் குனிந்து, "மூத்தவன் வாற மாதிரித் தெரியல. பொழுது சாயுததுக்குள்ள முடிச்சிருவோம். நீயே வச்சிரு" என்றார்.

நான் வைத்தேன். சுடுகாட்டில் அப்பாவுக்காக அழவேண்டிய நேரத்தில் நான் அழவில்லை. சொல்லியும் வரவில்லையே, ஐந்து வருஷத்துக் கோபத்தை அப்பாவின் பிணத்தின்மேல் காட்டிவிட்டானே என்று எனக்குள் திட்டிக்கொண்டே கொள்ளி வைத்தேன். உண்மையைச் சொன்னால், அதில் ஒரு திருப்திகூட இருந்தது. இப்போது ஊரே பார்த்துவிட்டது, யார் நல்ல பிள்ளை என்று.

குளித்துவிட்டு வீட்டுக்கு வரும்போது ஆறு மணி. அண்ணாச்சி என்னிடம் வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, தப்பா எடுத்துக்கிடாதீங்க. மெட்ராஸ், கோயம்புத்தூர், பெங்களூர், ஒரு ஆளக் காணலயே. உங்கப்பாவுக்கு வராம இருக்கிற ஆளுவளா அவங்க? ஒரு போன்கூட வரல."

"பக்கத்துல என்ன காட்டுச்சு?"

"காலையில அனுப்பப்படுகிறதுன்னு காட்டுச்சு. மத்தியானம் செல்லுல பாத்தேன், அதேதான். கேக்கலாமான்னு நெனச்சேன். துட்டி வீட்டுல வச்சு உங்ககிட்ட வாங்கிக் கட்டிக்கிடணுமான்னு இருந்துட்டேன்."

மாடிக்கு ஓடினேன். ஈர வேட்டியோடு உட்கார்ந்து சர்வரைத் திறந்தேன். பூட்டு ஃபைல் இருந்தது. உண்டான நாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று சங்கத்தின் கூட்டத்துக்கு அழைப்பு போயிருக்கிறது. அது போய்க்கொண்டிருந்தபோது சர்வர்க்காரர்கள் பராமரிப்புக்காக அதை அணைத்துப் போட்டிருக்கிறார்கள். முன்கூட்டியே எனக்கு மெயிலும் அனுப்பியிருந்தார்கள், நான் படிக்கவில்லை. வேலை பாதியில் செத்துப்போனது, ஃபைல் மட்டும் தங்கிவிட்டது. கூட்டத்துக்கு அழைப்பு வரவில்லை என்று யார் வருத்தப்படப்போகிறார்கள்? அப்போதிருந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வேலை எழுந்து, ஃபைலைப் பார்த்து, வேறொன்று ஓடிக்கொண்டிருக்கிறது என்று நம்பி, படுத்திருக்கிறது. அப்பாவின் செய்தி காலை எட்டரையிலிருந்து வரிசையில் நின்றது.

ஒரு ஆளுக்குக்கூடப் போகவில்லை. அண்ணனுக்குத் தெரியாது. அவன் அந்த நேரம் ஆபீஸில் உட்கார்ந்து எப்போதும்போல் வேலை பார்த்துக்கொண்டிருந்திருப்பான்.

அந்த இடத்திலாவது நான் போனை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. பழுதைப் பார்த்தால் சரிசெய்கிற கை. யோசிக்காமல் ஃபைலை அழித்துவிட்டேன். அழித்த பிறகுதான் என்ன செய்தேன் என்பது உறைத்தது. பூட்டு போனதும் வேலை எழுந்துவிட்டது. "இன்று காலை இயற்கை எய்தினார். இன்று மாலை நான்கு மணிக்கு எடுக்கப்படும்" என்ற செய்தியை, அப்பா எரிந்துகொண்டிருந்தபோது, ஒவ்வொருவருக்காக அனுப்பத் தொடங்கியது.

நிறுத்துவதற்குள் என் போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. சென்னையிலிருந்து ஒருவர். பெங்களூரிலிருந்து ஒருவர். மூன்றாவதாக அண்ணன். ஐந்து வருஷத்துக்குப் பிறகு அவன் பெயர் என் போனில் வந்தது.

"ஏலே, இப்பதாம்லே மெசேஜ் வந்துச்சு." மூச்சு வாங்கியது. படி இறங்கிக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. "நாலு மணின்னு போட்டிருக்கு. இப்ப மணி ஆறே முக்கால் ஆவுது. இன்னும் எடுக்கலல்லா?"

என் பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை.

"நான் கெளம்பிட்டேன். ஐஸ் பெட்டி சொல்லி, நான் வாற வரைக்கும் அப்பாவ வச்சிரு. பெரியவங்க ஏதாவது சொன்னா நான் பேசிக்கிடுதேன். காலையில எடுத்துக்கிடலாம். என்னலே, கேக்குதா?"

"எடுத்தாச்சுண்ணே."

அந்தப் பக்கம் கார்க் கதவு திறந்திருக்கும்போது அடிக்கும் மணிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"கொள்ளி?"

"நான்தான் வச்சேன்."

அவன் அழுதான். அம்மா போனபோதுகூட அவன் அழுது நான் கேட்டதில்லை. கேட்டுக்கொண்டே போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் அழுகையும் அப்போதுதான் வந்தது.

மறுநாள் காலையில் நேராகச் சுடுகாட்டுக்கே வந்துவிட்டான். சாம்பலில் அப்பாவின் எலும்பை அவன்தான் தேடித் தேடி எடுத்தான். நான் பானையைப் பிடித்துக்கொண்டேன். சிற்றாற்றில் கரைத்துவிட்டுக் கரையேறும்போது எல்லாவற்றையும் சொன்னேன். எட்டுத் தடவை போன கதை, பூட்டு ஃபைல், ஞாயிற்றுக்கிழமை, சர்வர், அண்ணாச்சி பார்த்த "அனுப்பப்படுகிறது". நான் விட்ட இருபது நிமிஷ வேலையையும் மறைக்காமல் சொன்னேன். என் தப்பை நானே ஒத்துக்கொள்வது எனக்கே புதுசு. அவன் கடைசிவரை பொறுமையாகக் கேட்டான்.

"சரிலே. அது மெஷினு, சொல்லல" என்றான். "நீ ஏன் சொல்லல?"

நான் தண்ணீரைப் பார்த்தேன்.

"காலையில ஏழு மணியிலேர்ந்து சாயங்காலம் நாலரை வரைக்கும் உன் கையிலதான போன் இருந்துச்சு. வரலையே, என்னாச்சோ, வழியில எதுவும் ஆயிருக்குமோன்னுகூடவா உனக்குத் தோணல?"

கேட்டுவிட்டுத் துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு காருக்குப் போனான்.

பதினாறாம் நாளுக்கு வந்து மூத்தவன் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு வருஷம் ஆகிறது. செயலாளர் அண்ணாச்சியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவர் காப்பி கொடுத்து அனுப்பினார். அண்ணனுக்கு நான் இன்னும் போன் செய்யவில்லை. செய்தால் முதலில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.